வண்ணார்பண்ணையும் சோனகத்தெருவும்

(நகர மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாண நகரின் பழங்குறிச்சிகளுள் ஒன்றின் வரலாற்றைச் சொல்லுமாறு எம்மைக் கேட்டிருக்கின்றீர்கள். வண்ணார்பண்ணையை எடுத்துக்கொண்டோம். வண்ணார்பண்ணை என்றதும் சிவன் கோயில் என்பீர்கள், நாவலர் என்பீர்கள், இந்துக் கல்லூரி என்பீர்கள். மூன்றும் மெய், மூன்றையும் பேசுவோம். ஆனால் அம்மூன்றையும் சொல்லி முடித்துக் கைதட்டலோடு இறங்கிப்போனால், அக்குறிச்சியின் சரித்திரத்திற் பாதியைத்தான் சொன்னவராவோம். மற்றப் பாதி ஐந்து சந்தியிலும் சோனகத்தெருவிலும் இருக்கின்றது. அதையும் சொல்லுவோம். சிலருக்கு அது கசக்கலாம். பொறுத்துக் கேட்கவேண்டும்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். ‘வண்ணார்பண்ணை’ என்னும் பெயரிலே ஆடை வெளுக்கும் தொழிலாளர் வெளிப்படையாக நிற்கின்றனர். அருகிலேயே வண்ணான்குளம் என்னும் பெயரும் உண்டு. புலவர்கள் ஊர்ப்பெயரைச் சுருக்கி ‘வண்ணை’ என்றனர். யாப்புக்கு அது வசதியாகவும் இருந்தது, செவிக்கு இனிதாகவும் இருந்தது. ஆயினும் அச்சுருக்கத்திலே ஒரு கூட்டத்தார் மெல்ல மறைந்துபோயினர் என்பதையும் சொல்லாமல் விடுதற்கில்லை. தம் பெயரை ஓர் ஊருக்குக் கொடுத்தவர்கள் அவ்வூர்ச் சரித்திரத்திலே ஒரு வரியும் பெறாது போவது யாழ்ப்பாணத்திற் புதுமையன்று.

இக்குறிச்சி பெருகியதற்குக் காரணம் கோட்டை. 1619இல் பறங்கியர் யாழ்ப்பாண அரசை முடித்தபின் தலைநகர் நல்லூரிலிருந்து கடற்கரைக்குப் பெயர்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்து அக்கோட்டையை ஐங்கோணமாகக் கட்டினர். கோட்டைக்குக் கிழக்கே ஐரோப்பியரும் அவர்தம் வழிவந்தோரும் குடியிருந்தனர்; பறங்கித்தெரு என்னும் பெயர் அதனால் வந்தது. தேவாலயங்களும் அப்பக்கமே எழுந்தன. அரச சமயத்தைத் தழுவாது நின்ற சைவரும் முஸ்லிம்களும் கோட்டையின் நிழலுக்கு அப்பால், வடக்கிலும் வடமேற்கிலும் குடிகொண்டனர். ஆகவே வண்ணார்பண்ணையின் இரு சமூகத்தாரும் ஒரே காரணத்தால் அயலவராயினர் என்று நாம் கருதுகின்றோம். ஆட்சியாளரின் அருளுக்குப் புறம்பே நின்றவர் இருவரும்.

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு சைவர்க்குப் பொதுக்கோயில் கட்டும் உரிமையில்லை. ஒல்லாந்தரின் பிடி தளர்ந்த கடைசிக் காலத்திலேதான், 1787ஐ ஒட்டி, வைத்திலிங்கச் செட்டியார் வண்ணார்பண்ணையிலே வைத்தீஸ்வரன் கோயிற் திருப்பணியைத் தொடங்கினார். வணிகர் அவர், முத்துக்குளிப்பிலும் பொருளீட்டியவர், கோட்டை அதிகாரிகளோடு பழக்கமுடையவர். அரசியலார் மனமறிந்து நடக்கத் தெரிந்த ஒரு வணிகராலேதான் அன்று அது இயன்றது. வீரத்தால் மட்டும் எல்லாம் நடந்துவிடுவதாக எண்ணும் இளைஞர்கள் இதனைக் கவனிக்க. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியபோது வண்ணார்பண்ணை கோயிலூராகவே அவர்கள் கண்ணிற்பட்டது.

கோயில் வந்தால் குடிகள் வருவர். அந்தணரும், பூமாலை கட்டுவோரும், நாதஸ்வர தவிற் கலைஞரும் வந்து சேர்ந்தனர். அவருட் பலர் தமிழகத்திலிருந்து வந்தவர். செட்டிமார் கடைகள் பெரியகடைப் பக்கம் நீண்டன. கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் பொற்கொல்லரின் சிறு சுத்தியல்கள் ஒலித்தன. நாற்சார் வீடுகள், சங்கடப்படலைகள், பூவரசும் கிளுவையும் நாட்டிய வேலிகள், இரண்டு மாட்டுவண்டிகள் ஒன்றையொன்று கடக்க முடியாத ஒழுங்கைகள். இவையே பழைய வண்ணார்பண்ணையின் உருவம். நகரத்திற்குள் இருந்தும் கிராமத்தின் மூச்சை அது விட்டுவிடவில்லை.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை. அன்றிரவு வண்ணைச் சிவன் கோயிலிலே நல்லூர் ஆறுமுகம் என்னும் 25 வயது இளைஞர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியிலே கற்று, அங்கேயே கற்பித்து, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிலே அவர்க்குத் துணைநின்றவர் அந்த இளைஞர். பாதிரிமார் தேவாலயத்திலே செய்யும் பிரசங்கத்தைச் சைவர் கோயிலிலே செய்துகாட்டினார். வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. கார்த்திகேய ஐயரும் உடன் பேசினார். எதிரியின் படைக்கலத்தை எடுத்து எதிரியை எதிர்க்கும் வித்தை தமிழர் அரசியலிலே இங்கேதான் தொடங்கிற்று என்று சொன்னால் அது மிகையாகாது.

1848இல் அதே குறிச்சியிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. 1849இல் சென்னைக்குச் சென்று, வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தில் ‘நாவலர்’ என்னும் பட்டம் பெற்று, அச்சியந்திரத்தோடு திரும்பினார். வித்தியாநுபாலன யந்திரசாலை வண்ணார்பண்ணையிலே நிறுவப்பட்டது. பால பாடங்கள் அங்கிருந்து பரவின. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்க நன்கொடை ஒரு சதமும் இல்லை. வீடுதோறும் பெண்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்தனர். அந்தப் பிடியரிசியால் பள்ளிக்கூடம் நடந்தது. 1877இல் பஞ்சமும் பேதியும் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்ததும், அரசாங்க ஏசண்டாகிய துவைனந் துரையின் போக்கைக் கண்டித்து எழுதியதும் இந்நாவலரே. 1879இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை அனுப்பவேண்டுமென்று அவர் குரல் கொடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 5இல் மறைந்தார். அவர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி பணமின்றி முன்னமே மூடப்பட்டிருந்தது. அக்கனவை 1888இல் பிறந்த சைவ பரிபாலன சபை மீட்டெடுத்தது. 1889இல் ‘இந்து சாதனம்’ பத்திரிகை வந்தது. 1890இல் இந்துக் கல்லூரி சபையின் கைக்கு வந்தது. 1897 சனவரியிலே விவேகானந்த சுவாமிகள் யாழ்ப்பாணம் வந்து பேசியதும் அக்கல்லூரியிலேதான்.

இவையெல்லாம் நீங்கள் பலகாலும் கேட்டவையே. ஒன்றைமட்டும் சேர்த்துவிடுவோம். நாவலர் பள்ளியின் வாசல் எல்லாத் தமிழர்க்கும் திறந்திருக்கவில்லை. சாதியொழுங்கை அவர் சமயவொழுங்கின் பகுதியாகவே கொண்டார். யாழ்ப்பாணத்துப் பெருங்கோயில்களின் கதவுகள் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்கத் தொடங்கியது 1950களிலேதான். அதுவும் போராடிப் பெற்றது. நாவலரைப் போற்றுவோர் இதை மறைக்கவேண்டியதில்லை. பெரியோரின் பெருமை மறைப்பினால் வளர்வதன்று.

இனி மேற்கே திரும்புவோம்.

சிவன் கோயிலிலிருந்து சற்று நடந்தால் ஐந்து சந்தி. அதற்கப்பால் சோனகத்தெரு. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் நேற்று வந்தவரல்லர். தென்மராட்சியில் உசன் பக்கத்திலும், பின்பு நல்லூரிலும் அவர்கள் வாழ்ந்தனர் என்பது மரபு. நல்லூரிலே அவர்களை எழுப்பவேண்டி அவர்கள் கிணறுகளிலே பன்றியிறைச்சி இடப்பட்டதாகவும், அதனால் அவர்கள் நீங்கியதாகவும் பழைய யாழ்ப்பாணக் கதை ஒன்று உண்டு. கதையின் ஒவ்வொரு சொல்லும் மெய்யோ அன்றோ, அதனைத் தமிழரே எழுதிவைத்தனர், தமிழரே படித்தனர், தமிழரே சிரித்தனர் என்பது மட்டும் மெய். 18ஆம் நூற்றாண்டிலே அவர்கள் இப்பொழுதுள்ள இடத்தில் நிலைகொண்டனர், பள்ளிவாசல்களைக் கட்டினர், கிணறுகளைத் தோண்டினர்.

அவர்கள் தொழில்கள் நகரத்தின் நரம்புகளாயிருந்தன. இரும்புக்கடை அவர்களுடையது, லொறிப் போக்குவரத்திலே பெரும்பங்கு அவர்களுடையது, தையல், இறைச்சி, நகை வணிகம் ஆகியவற்றிலும் அவர்கள் முன்நின்றனர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சைவப் பிள்ளைகளின் புதுச்சட்டை முஸ்லிம் தையற்காரரின் இயந்திரத்திலே தைக்கப்பட்டது. சைவ உபாத்தியாயரிடம் முஸ்லிம் பிள்ளை தமிழிலக்கணம் கேட்டது. தேரோட்டத்து மேளமும் பாங்கின் ஓசையும் ஒரே காற்றிலே கலந்தன. சச்சரவே இருந்ததில்லை என்று நாம் சொல்லவரவில்லை. கடைத்தெருவிலே சச்சரவில்லாத நாளேது? ஆனால் சச்சரவு முடிந்த மறுநாட் காலையில் கடைகள் அடுத்தடுத்துத் திறந்தன.

அத்தெரு ஈன்ற மக்களுள் இருவரைமட்டும் சொல்லுவோம். ஒருவர் அசனாலெப்பைப் புலவர். 1870இற் பிறந்து 1918இல் மறைந்தவர். நவரத்தினத் திருப்புகழ் என்னும் நூல் செய்தவர். அருணகிரியார் முருகனைப் பாடக் கைக்கொண்ட சந்தத்தை நபிகள் நாயகத்தின் புகழுக்கு ஆக்கியவர். வண்ணையிலே வளர்ந்த செவிக்கன்றி வேறெந்தச் செவிக்கு அது கைகூடும்?

மற்றவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911 அக்டோபர் 4இல் வண்ணார்பண்ணையிலே பிறந்தார். தந்தையார் அபூபக்கர் காதியாராக விளங்கியவர். காதி அபூபக்கர் வீதி அவர் பெயரையே தாங்குகின்றது. அஸீஸ் முதலிலே குர்ஆன் பள்ளியில் ஓதினார். பின் இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் தமிழ் கற்றார். அதன்பின் இந்துக் கல்லூரியிற் பயின்றார். இலங்கை சிவில் சேவையிலே நுழைந்த முதல் முஸ்லிம் அவரே. 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராயிருந்து அதனை நாடறிந்த கல்லூரியாக்கினார். மூதவை உறுப்பினராகவும் விளங்கினார். ‘இலங்கையில் இஸ்லாம்’ என்னும் நூலைத் தமிழிலேயே எழுதினார். 1973இல் மறைந்தார். விபுலானந்த அடிகளின் மேற்பார்வையிலிருந்த பள்ளியிலே ஒரு முஸ்லிம் சிறுவன் கற்றான். அவன் வளர்ந்து முஸ்லிம் கல்வியின் தலைவனானான். இச்செய்தியைச் சைவரும் கொண்டாடலாம், முஸ்லிம்களும் கொண்டாடலாம். எங்கள் பாடநூல்களிலோ இருவரும் கொண்டாடாதபடி விடுபட்டுக் கிடக்கின்றது.

முஸ்லிம்கள் தமிழரா, வேறினமா என்னும் வாதம் இராமநாதன் 1888இல் எழுதிய கட்டுரையால் மூண்டது. அப்துல் அஸீஸ் என்னும் கொழும்பு அறிஞர் 1907இல் மறுப்பு எழுதினார். இரு தரப்பிலும் அரசியல் ஆசனங்களின் கணக்கு இருந்தது. நாம் அந்த வாதத்துக்குள் இப்பொழுது போகவில்லை. ஒருவன் தன்னை யார் என்று கூறுகின்றானோ அவனை அவ்வாறே ஏற்பதுதான் மரியாதை. உரிமை கேட்கும் ஓர் இனம் பிறர்க்குப் பெயர்சூட்டும் உரிமையைத் தானே எடுத்துக்கொள்வது பொருந்தாது.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ் நகரத்திலே தீ வைக்கப்பட்டது. பொது நூலகமும், சந்தைக் கடைகளும், ‘ஈழநாடு’ காரியாலயமும் எரிந்தன. அத்தீ சைவன் கடை, முஸ்லிம் கடை என்று பார்த்து எரியவில்லை. நூலகத்திலே வெந்த ஏடுகளைப் பற்றி நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் பேசிவருகின்றோம், பேசவும் வேண்டும். ஒன்பது ஆண்டுகளின் பின் நடந்ததைப் பற்றியோ எம்மவர் குரல் தாழ்ந்துவிடுகின்றது.

1990 அக்டோபர் 30. செவ்வாய்க்கிழமை. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி மூலம் முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து மைதானத்திற்கு அழைத்தனர். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு நீங்கவேண்டும் என்று கட்டளை பிறந்தது. சிறுதொகைப் பணமும் உடுத்த துணியும் போக மற்றவையெல்லாம் விட்டுச்செல்ல வேண்டும். சந்திகளிலே நிறுத்திச் சோதித்தனர். பெண்களின் காதணிகளும், குழந்தைகளின் கையணிகளுங்கூடக் கழற்றப்பட்டன. சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கு இரு வாரம் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர். மன்னார் முதலாக வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு நீங்கினர். பெரும்பாலோர் புத்தளத்து உவர்நிலங்களிலே ஓலைக்குடில் கட்டினர்.

கிழக்கிலே அவ்வாண்டு நடந்த கொலைகளைக் காரணங்காட்டுவோர் உளர். கிழக்கிலே தமிழரும் மாண்டனர், முஸ்லிம்களும் மாண்டனர். காத்தான்குடிப் பள்ளிவாசலிலே தொழுதுகொண்டிருந்தோர் மாண்டனர். அவற்றுள் எதற்கும் ஐந்து சந்தித் தையற்காரன் பொறுப்பாளியல்லன். ஒருவன் செய்ததற்கு அவன் இனத்தாரையெல்லாம் தண்டிப்பது நீதியாகுமாயின், 1958லும் 1977லும் 1983லும் தமிழர்க்கு நிகழ்ந்ததை எந்த வாயால் நாம் அநீதி என்பது? புலிகளின் தரப்பிலிருந்தே 2002இல் அது தவறென ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒப்புக்கொண்டதால் ஓடு வேய்ந்த வீடு ஒன்றும் மீண்டெழவில்லை.

நீங்கியவர்களின் வீடுகளிலே கதவும் நிலையும் போயின. கூரைமரமும் ஓடும் போயின. சுவர்கள் மழைக்கு நின்றன. வெறுமையான சோனகத்தெருவைச் சுற்றி மற்ற வண்ணார்பண்ணை வாழ்ந்தது. எவ்வளவு காலம்? சரியாக ஐந்து ஆண்டுகள். 1995 அக்டோபர் 30. அதே மாதம், அதே நாள். இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்து மக்கள் எல்லோரும் உடனே வெளியேறவேண்டும் என்று புலிகள் அறிவித்தனர். கொட்டும் மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் ஓரிரவிலே நகர்ந்தனர். சிவன் கோயிற்றெருவும் அன்று சோனகத்தெரு ஆயிற்று. இதைத் தெய்வத்தின் தீர்ப்பு என்று சொல்லுவோர் உளர். நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். மழையிலே குழந்தையைத் தோளிற் சுமந்து நடந்த தாய் யாரையும் வெளியேற்றியவளல்லள். ஆனால் அப்பாலத்தைக் கடந்தவர்களுக்கு, ஐந்தாண்டுக்கு முன் பிறர் நடந்த தூரம் எவ்வளவு என்பது காலால் தெரிந்திருக்கும்.

சைவக் குடிகள் 1996இன் நடுப்பகுதிக்குள் பெரும்பாலும் திரும்பினர். முஸ்லிம்கள் திரும்பவில்லை. போர்நிறுத்தம் வந்த 2002இன் பின் சிலர் வந்து பார்த்தனர். 2009இன் பின் மேலும் சிலர் வந்து குடியேறினர். பள்ளிவாசல்களில் மீண்டும் பாங்கொலி கேட்கின்றது. ஒஸ்மானியாவிலே மீண்டும் பிள்ளைகள் படிக்கின்றனர். எனினும் புத்தளத்திலே பிறந்து அங்கேயே பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள் தொகை பெரிது. அவர்களைத் ‘திரும்ப விருப்பமில்லாதவர்’ என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றார்கள் அதிகாரிகள். கூரையில்லாத வீடு, பள்ளியிலே இடமில்லாத பிள்ளை, வாடிக்கையிழந்த தொழில், பெயர் எங்கே பதிவாகியிருக்கின்றது என்று கேட்கும் கந்தோர். இவற்றை முன்னே வைத்துவிட்டு விருப்பம் கேட்பது என்ன முறை?

இங்கேதான் சட்டம் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கின்றது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவன் அதற்கு உரிமை கோரலாம். துரத்தப்பட்டவன் பத்தாண்டு வரமுடியாதிருந்தால், அவன் வராமையே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிடும். இவ்வநீதியை உணர்ந்து 2016இல் 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றிற்று. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் தம் காணிக்கு வரவியலாதிருந்தோர்க்கு அக்காலம் கணக்கில் வராது என்றது அச்சட்டம். நல்ல சட்டம். ஆயின் வழக்கிடுவதற்கு இரண்டே ஆண்டு தவணை கொடுத்தது. புத்தளத்துக் குடிலிலே இருப்பவனுக்குச் சட்டம் வந்த செய்தி எட்டுமுன்னே தவணை பாதி கழிந்திருக்கும். இச்சட்டத்தால் தமிழரும் பயன் பெற்றிருக்கலாம், முஸ்லிம்களும் பயன் பெற்றிருக்கலாம். அதை ஊரூராகச் சொல்லும் வேலையைத் தமிழ் அரசியலார் செய்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட வலிவடக்குக் காணிகளுக்காக எழுந்த குரல் நியாயமான குரல். அதே தொண்டையாலே சோனகத்தெருக் காணிக்கும் குரல் எழுந்திருக்குமாயின் அதன் வலிமை இரட்டித்திருக்கும்.

இனிச் செய்யத்தக்கது யாது? மாநகரசபை செய்யவேண்டியவை உண்டு. மாகாணத்தார் செய்யவேண்டியவை உண்டு. அவற்றை மனுவாக எழுதி அனுப்பலாம். எந்த அரசாங்கத்தையும் காத்திராமல் இக்குறிச்சியார் தாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. 1990இல் பலர் உறுதிகளையும் விட்டுச் சென்றனர். பதிவுக் கந்தோரிலே பழைய ஏடுகள் யாவும் போரைத் தப்பி நிற்கின்றன என்று எண்ணவேண்டாம். உறுதி தொலைந்த காணிக்கு எல்லையைச் சொல்ல வல்லவர் அயலவரே. ‘இந்த மதிலுக்கு மேற்கே இன்னார் வளவு, இந்தக் கிணறு இரு வீட்டாருக்கும் பொது, அந்த வேப்பமரத்தடியிலே அவர் தையற்கடை இருந்தது’ என்று சொல்லக்கூடிய முதியவர்கள் வண்ணார்பண்ணையிலே இன்னும் இருக்கின்றனர். அவர்களுட் பலர் எண்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் சொல் ஒரு சமாதான நீதவான் முன்னிலையிலே சத்தியக் கடதாசியாக எழுதப்படுமாயின், நீதிமன்றத்திலும் அது நிற்கும், பிரதேச செயலகத்திலும் அது செல்லும்.

இந்த மண்டபத்திலேயே அத்தகையோர் சிலர் அமர்ந்திருக்கின்றார்கள். சட்டம் கற்ற இளைஞர்களும் பின்வரிசையிலே நிற்கின்றார்கள். கூட்டம் முடிந்ததும் இரு சாராரும் வாசலிலே சற்றுத் தங்கிப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். எழுதுவதற்குத் தாளும் மேசையும் அங்கே போடச் சொல்லியிருக்கின்றோம்.